எட்டடி மேசை

ஆவணி 4, புதன்

சிவசிவ. கோயிலில் நடந்த ஏழு நாள் சொற்பொழிவு நேற்றோடு முடிந்தது. தினமும் விளக்கு வைத்ததும் அன்று செய்த பாவத்தை இடது பக்கமும் புண்ணியத்தை வலது பக்கமும் எழுதி வைத்தால் மனம் சுத்தமாகும் என்று பேசினவர் சொன்னார். அண்ணனுக்கு யாரோ கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. எடுத்து நடுவில் கோடு போட்டு உட்கார்ந்தேன். வலது பக்கம் சீக்கிரமே நிறைந்துவிட்டது. இடது பக்கத்துக்கு அரை மணி நேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. காகிதத்தை வீணாக்குவதும் பாவம்தான் என்பதால், இனிமேல் இரண்டு பக்கத்திலும் நடந்ததையே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், என் மருமகன் குற்றாலத்துக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. மருமகன் என்றால் அண்ணன் மகன். முப்பத்து மூன்று வயது, இங்கே தென்காசியில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. இதற்கு முன் வந்த ஒன்பது இடங்களும் தட்டிப்போயின. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குறை இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது நான் என்பதால், தட்டிவிட்டதும் நான்தான் என்று மதினி, அதாவது அண்ணன் மனைவி, நினைக்கிறாள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் எப்படி இருப்பது.

பத்தாவது இடம் செங்கோட்டை. பெண் பேர் ஆவுடைச்செல்வி, கூப்பிடுவது செல்வி என்று. அப்பா செண்பகராமன் மர அறுவை மில் வைத்திருக்கிறார். பெண் கம்ப்யூட்டரில் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறாள். குறும்படம், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஊர்க் கோயில் கொடை என்று ஆட்கள் தேடி வந்து செய்து வாங்கிப் போகிறார்களாம். பெண் பாடுவாளா என்று கேட்டேன். பாட மாட்டாளாம். பாடாமல் எப்படிப் பாட்டு வரும் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிச்சயத்தன்று அண்ணன், எங்கள் வீட்டில் எதுவும் கேட்கிற வழக்கம் கிடையாது என்று சொன்னார். உண்மைதான். நான் மட்டும், கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள், கிரைண்டர் என்று நாலு பேர் பார்க்கிற மாதிரிச் சீர் வந்து இறங்கினால்தான் பெண்ணுக்கு மரியாதை என்று சொன்னேன். கேட்கவில்லை. எடுத்துச் சொன்னேன்.

அதற்குப் பெண்ணின் அப்பா, அவர் மகளுக்குக் கட்டிலும் கண்ணாடியும் வேண்டாம், பாட்டு வேலை செய்ய சத்தமில்லாத ஒரு அறை மட்டும் வேண்டும், அந்த அறைக்குத் தேவையான மேசை நாற்காலி எல்லாவற்றையும் சீராக அவரே செய்து அனுப்புவார், அறை இல்லையென்றால் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று சொன்னார். அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"நம்ம உலகு ரூமு இருக்கே. பின்னால இருக்கு, தெருச் சத்தமே கேக்காது. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

உலகு என்றால் உலகம்மாள், நான்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

செல்வியும் அவள் அப்பாவும் அறையைப் பார்க்க வந்தார்கள். உளுந்தவடை சுட்டேன்.

வந்ததும் அந்தப் பெண் முன் ஹாலின் நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினாள். முகத்தைச் சுளித்தாள். அங்கே அண்ணனின் சோபாவும் பெரிய டிவியும் கொடியில் தொங்கும் வேட்டியும் இருக்கின்றன, யாருக்குத்தான் முகம் சுளிக்காது. பிறகு மாடி அறையில் தட்டினாள், திருப்தியில்லை. கடைசியில் என் அறைக்குள் வந்து தட்டினாள். சிரித்துவிட்டாள். "இங்க ரொம்ப நல்லாருக்கு" என்றாள். ஒரு அறையைப் பார்த்தவுடன் கை தட்டிப் பாராட்டுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமைப்பட அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், என் கட்டிலும் பீரோவும்தான். இரண்டும் என் கல்யாணத்துச் சீர். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு லாரியில் போயின. மூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் தவறிப்போனதும் இன்னொரு லாரியில் என்னோடு திரும்பி வந்தன. வந்து இருபத்தொன்பது வருஷம். அவை தவிர, நான்கு மூட்டை அரிசி, விருந்தாளிகளுக்கான மெத்தைகளும் போர்வைகளும், பித்தளை அண்டா, அண்ணன் மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்துக் காகிதங்கள், குற்றாலத்தின் பழைய சைக்கிள் டயர் எல்லாம் அங்கேதான். தனி அறை என்று பேர். இந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அது நல்லதுதான், மனிதர்கள் வந்து போக இருக்கிறார்களே.

செல்வி என்னைப் பார்த்து, "அப்ப நீங்க எங்க இருப்பீங்க சித்தி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், எனக்கென்ன, கோயில் குளம் என்று சுற்றுகிறவள், அடுக்களை ஓரத்தில் ஒரு பாயை விரித்தால் போதும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்தி உள்ளவளுக்கு நான்கு சுவர் எதற்கு. தாராளமாக எடுத்துக்கொள் தாயி என்று என் வாயாலேயே சொன்னேன்.

கட்டில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போகுமாம். பீரோவை யாருக்காவது கொடுத்துவிடலாமாம்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் வடை எட்டு மிச்சம். அண்ணன் நான்கைத் தின்றார்.

ஆவணி 9, திங்கள்

இன்று மௌன விரதம் இருந்தேன். சாயந்திரம் மதினி, வயிறு சரியில்லையா என்று கேட்டாள்.

ஆவணி 13, வெள்ளி

செல்வி, குற்றாலம், நான் மூவரும் மேசை நாற்காலி பார்க்கத் திருநெல்வேலிக்குப் போனோம். சிறுசுகள் இரண்டும் தனியாகப் போவது முறையில்லை என்று நான் கூடப் போனேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே காரில் ஏறிவிட்டேன்.

மூன்று மாடிக் கடை. முதலில் நாற்காலி. செல்வி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, கண்ணை மூடி, முன்னும் பின்னுமாக ஆடினாள். பதினோரு நாற்காலி. தியானம் செய்கிறாளோ என்று நானும் கை கூப்பி நின்றேன். கேட்டால், உட்கார்ந்து அசையும்போது கிறீச்சிடுகிற நாற்காலி பாட்டுப் பதியும்போது ஆகாதாம். கடைக்காரர், எல்லா நாற்காலியும் கொஞ்ச நாளில் கிறீச்சிடத்தான் செய்யும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவருடைய முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார்.

பிறகு மேசை. கண்ணாடி போட்ட மேசை வேண்டாம், சத்தம் பட்டுத் தெறிக்குமாம். இரும்புக் கால் வேண்டாம், அதிருமாம். நான் தேடிப் பிடித்து ஒரு நல்ல உருப்படி காட்டினேன். இரண்டு பக்கமும் அன்னப்பறவை, ஆளுயரக் கண்ணாடி, ஆறு இழுப்பறை. ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று கேட்டாள். பவுடர் டப்பா வைக்க இரண்டு பக்கமும் தட்டு இருக்கிறதே, அதில் வை என்றேன்.

அப்போது அவள் பொறுமையாக எனக்கு விளக்கினாள். இரண்டு ஸ்பீக்கரும் அவள் தலையும் முக்கோணத்தின் மூன்று மூலை மாதிரி இருக்க வேண்டுமாம். ஸ்பீக்கர் அவள் காது உயரத்துக்கு வர வேண்டுமாம். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை குற்றாலத்தை அளக்கச் சொன்னாள். கடையில் கூட்டம் கூடிவிட்டது. கம்மல் வாங்கும்போது கூட நான் காதை அளந்ததில்லை.

கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. அவள் அப்பாவின் மில்லிலேயே கோலப்ப ஆசாரியை வைத்துச் செய்துகொள்வாளாம். ஐந்தடி நீளம். கழற்றிக் கொண்டு போய் அறைக்குள் மாட்டிக்கொள்கிற மாதிரி, காலெல்லாம் போல்ட் வைத்து. ஹோட்டலில் பூரி வருவதற்குள் காகிதத்தில் படம் போட்டுவிட்டாள். குற்றாலம் பூரியைத் தொடாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது இடம் தட்டிப்போனபோதும் மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டவன் அவன். இது தட்டிப்போனால் சாப்பிட மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆவணி 19, வியாழன்

இலஞ்சி முருகனைக் கும்பிடப் போனேன். நல்ல தரிசனம். அங்கிருந்து செங்கோட்டை பக்கம்தானே என்று பஸ் ஏறினேன். சம்பந்தி வீட்டு மில்லைப் பார்க்காமல் திரும்புவது மரியாதையாக இருக்காது.

சம்பந்தி வெளியே போயிருந்தார். செல்வி ஏதோ பாட்டு வேலையாகச் சென்னை போனவள், திரும்ப இரண்டு மாதம் ஆகுமாம். மில்லின் பின்பக்கம் கோலப்ப ஆசாரி மட்டும் தேக்குப் பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நம் மேசைதான். ஐந்தடி என்றார்.

வீட்டில் மனையடி சாஸ்திரப் புத்தகம் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். ஆறடியிலிருந்துதான் பலனே எழுதியிருக்கிறது. ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி மிகுந்த பாக்கியம். ஐந்தடிக்கு ஒரு வரி கூட இல்லை. பலனே இல்லாத மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து எதைச் சாதிக்கப் போகிறாள். எட்டடி வையுங்கள் என்று சொன்னேன்.

"மனையடி ரூமுக்குல்லாம்மா பாக்கது. மேசைக்கா பாப்பாக?"

"மரத்துக்கு மட்டும் வேற சாமியா ஆசாரியாரே?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். அதோடு கழற்றி மாட்டுகிற சமாச்சாரத்தையும் சொன்னேன். சீராகப் போகிற சாமான் பிரிகிற மாதிரி இருக்கலாமா. கட்டிக்கொண்டு போகிறவர்களும் பிரிந்துவிட்டால் பழி யாருக்கு. கால், பக்கப்பலகை எல்லாம் சேர்த்து ஒரே உருப்படியாக அடித்துவிடச் சொன்னேன். ஆசாரி தலையைச் சொறிந்தார். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்னவோ கேட்டதாக ஆகிவிடும், நாங்கள் எதுவும் கேட்கிறவர்கள் இல்லை என்று புரியவைத்தேன். அப்படியானால் அளவை எழுதிக் கொடுங்கள் என்றார். காலண்டர் தாள் ஒன்றின் பின்னால் எழுதினேன்: "நீளம் எட்டடி. அகலம் மூன்றடி. கழற்றும்படி இருக்கக் கூடாது. இப்படிக்கு, மாப்பிள்ளை வீட்டார்." அவர் அதை வாங்கிப் பலகையின் அடிப்பக்கத்தில் ஆணி அடித்து வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முருகன் அருள்.

ஆவணி 20, வெள்ளி

என் அறைக் கதவு இரண்டரை அடி. அதற்கு முன்னால் இருக்கிற நடை நான்கடி, அதுவும் வளைந்து போகிற நடை. சும்மா அளந்து பார்த்தேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

ஐப்பசி பிறப்பதற்குள் அறையைக் காலி செய்துவிடு என்று அண்ணன் சொன்னார். புரட்டாசியில் கட்டிலை நகர்த்தக் கூடாது என்று சொன்னேன். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் புத்தகத்திலா எழுதி வைப்பார்கள். சீர் வந்து இறங்குகிற அன்றே காலி செய்துகொள்ளலாம் என்று கடைசியில் விட்டுவிட்டார்.

மத்தியானம் குற்றாலம் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இந்தக் கட்டிலில்தான் படுப்பான். "அத்த, ரூம விடுறது ஒனக்குச் சங்கடமா இருந்தாச் சொல்லு. நான் பேசுதேன்" என்றான்.

எனக்கென்னடா சங்கடம், சிவசிவா, எல்லாம் அவன் கொடுத்தது, அவனே எடுத்துக்கொள்கிறான், பட்டினத்தடிகள் என்ன வீடு வாசலா கேட்டார் என்று கால் மணி நேரம் சொன்னேன். நல்லவேளை, கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். நல்ல பிள்ளை. அவன் போன பிறகு கட்டில் விரிப்பை உதறிச் சரி செய்தேன். இரண்டு மூன்று தடவை சரி செய்தேன்.

புரட்டாசி 18, சனி

செங்கோட்டையிலிருந்து ஸ்பாஞ்சு மாதிரி ஒரு பொருள் வந்தது. முட்டை அடுக்குகிற அட்டை போல மேடும் பள்ளமுமாக, கருப்பாக, ஒரு முழச் சதுரத்தில். சுவரில் ஒட்டினால் சத்தத்தைக் குடித்துவிடுமாம். மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். மதினிக்கு விஷயம் தெரியாது. கொதிக்கிற குழம்புச் சட்டியை அதன் மேல் இறக்கிவிட்டாள். அது சட்டியைப் பிடித்துக்கொண்டது. குழம்பு தீர்ந்த பிறகும் சட்டியைத் தனியாக எடுக்க முடியவில்லை.

சாயந்திரம் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று சுற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் பலிக்காது.

ஐப்பசி 14, வெள்ளி

சீர் இறங்கியது. நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. ஆரத்தி எடுத்தேன். நாற்காலி இறங்கியது, இரண்டு ஸ்பீக்கர் ஸ்டாண்டு இறங்கியது, புத்தக அலமாரி இறங்கியது. பிறகு ஆறு பேர் சேர்ந்து மேசையை இறக்கினார்கள். தெருவே வாசலில் நின்றது. தேக்கு, ஒரே உருப்படி. அலங்காரம் செய்தால் சாமியை வைத்து வீதியுலா போகலாம்.

செல்வி அதைப் பார்த்து, இதை யார் கேட்டது என்றாள். "நீயாத்தான் பெருசாக் கேட்டேன்னு நெனச்சேன்" என்று அவள் அப்பா சொன்னார். கோலப்ப ஆசாரி மேலே பார்த்தார். மேலே மின்கம்பி மட்டும்தான் இருந்தது.

ஹால் வரை மேசை வந்துவிட்டது. நடையில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், காலை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். கழற்றலாமென்றால் போல்ட் இல்லை, எல்லாம் பசை போட்டு அடித்தது. ஒரு மணி நேரத்தில் நடைச்சுவரின் காரை இரண்டு இடத்தில் பெயர்ந்தது. நான் ஓரமாக நின்று கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே அண்ணன், "உலகு ரூமுச் செவத்த இடிச்சிருவோம், ஒரு நாள் வேலதான்" என்றார். எனக்குச் சஷ்டி நடுவில் மறந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். நாங்கள் கேட்டது ஒரே ஒரு அறை, அதிலும் சுவரை இடித்துத்தான் மகள் நுழைய வேண்டும் என்றால் அது நல்ல சகுனமில்லை, வண்டியைத் திருப்பிவிடலாம் என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. குற்றாலம் மேசையின் ஒரு மூலையைப் பிடித்தபடி நின்றான். இறக்கி வைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் செல்வி, போல்ட் போட ஏதாவது வழி இருக்கிறதா என்று மேசைக்கு அடியில் புகுந்தாள். வெளியே வர நேரமானது. வரும்போது கையில் ஏதோ மடித்து வைத்திருந்தாள். பத்து நிமிஷம் இருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். என் அறைக்குள் இருவரும் போனோம். அவள் கதவைச் சாத்தினாள். காலண்டர் தாளை விரித்தாள்.

"இது ஒங்க எழுத்தா சித்தி?"

நான் ஐந்தடிக்குப் பலன் இல்லாத விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கழற்றக் கூடாது என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டாள். சீர் பிரியக் கூடாது, பிரிந்தால் தம்பதிகளும் பிரிவார்கள் என்றேன். அவள் என் கட்டிலைப் பார்த்தாள். காலில் தட்டிப் பார்த்தாள். மரக்காரர் மகள், கையாலேயே தெரிகிறது அவளுக்கு.

"இது ஒங்க சீரா?"

"ஆமா தாயி."

"இதையும் கழட்ட முடியாதுல்லா."

முடியாது. ஒரே உருப்படியாகத்தான் போனது, ஒரே உருப்படியாகத்தான் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"இந்த ரூமு ஒங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

எனக்கென்ன தாயி, அந்தச் சிவன் என்று தொடங்கினேன்.

"சாமிய விடுங்க. ஒங்களுக்கு."

வெளியே யாரோ மேசையைத் தரையில் இறக்குகிற சத்தம் கேட்டது. வேண்டும் என்றால் குற்றாலத்தின் வாழ்க்கை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன். "வேணும்" என்றேன். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனது. இப்படி எனக்கு நடந்ததில்லை.

அவள் தாளை மடித்துத் தன் போன் உறைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் ஒரு தேக்கு மரம் பிழைத்திருக்கும் என்று மட்டும் சொன்னாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அரிசி மூட்டைகளை அமுக்கினாள், மெத்தைக் குவியலை அமுக்கினாள். திரும்பவும் ஒரு தரம் கை தட்டினாள்.

ஹாலுக்குப் போய் அவள் சொன்னது இது. சித்தியின் அறையில் சத்தம் அடங்கிக் கேட்டதற்குக் காரணம் அறை இல்லை, அதில் அடைத்து வைத்திருக்கும் மூட்டையும் மெத்தையும்தான். அவற்றை வெளியே எடுத்தால் அதுவும் மற்ற அறை மாதிரிதான் எதிரொலிக்கும். அதே மூட்டையையும் மெத்தையையும் ஹாலுக்குக் கொண்டு வந்தால் ஹால் நன்றாகிவிடும். மேசை இங்கே வரை வந்துவிட்டது, இங்கேயே இருக்கட்டும்.

"சித்தி ரூமு சித்திக்கே இருக்கட்டும். எனக்கு இந்த ஹால் போதும் மாமா. காலைல பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்."

சம்பந்தி மகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், வேட்டியை இறக்கிவிட்டார். குற்றாலம் சிரித்தான், சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாத மாதிரி.

அண்ணன் மட்டும், "டிவி?" என்று கேட்டார்.

ஐப்பசி 17, திங்கள்

அண்ணனுக்குத் திடீரென்று வாஸ்துவில் நம்பிக்கை வந்திருக்கிறது. ஹாலில் ஈசானிய மூலையில் பாரம் வைத்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாதாம். என் மனையடி சாஸ்திரப் புத்தகத்தைக் கூடக் கேட்டு வாங்கிப் போனார். மேசைக்கெல்லாம் பார்ப்பதில்லையாம், கோலப்ப ஆசாரி சொன்னார் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

அது நடக்கவில்லை என்றதும் நியாயம் பேசினார். உழைத்துக் கட்டிய வீட்டில் ஒரு மனிதன் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கூட இல்லையா என்றார். மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் மதினி என்னை அப்படிப் பார்த்தது இது முதல் தடவை. திட்டுகிற பார்வை இல்லை. வேறு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குற்றாலம் சாப்பிட்டுக்கொண்டே, ஹால் முடியாதென்றால் மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னான். மூன்று இட்லி சாப்பிட்டான். அண்ணன் சோபாவும் டிவியும் இன்று மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போயின. நாலு பேர் தூக்கினார்கள். நான் பார்த்து வழி சொன்னேன்.

கார்த்திகை 4, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரசம் சுமார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து சீரைப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய மேசை எதற்கு என்று கேட்டவர்களிடம், எட்டடி, மிகுந்த பாக்கியம் என்று சொன்னேன். நாங்களாக எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். தாலி கட்டும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது, புகைதான்.

கார்த்திகை 16, செவ்வாய்

இன்று செல்வி முதல் தடவையாக வேலை தொடங்கினாள். நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தேன். பத்தரைக்கு என்றேன், பத்துக்கே தொடங்கிவிட்டாள்.

ஹாலைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. மூலைக்கு ஒன்றாக நான்கு அரிசி மூட்டை நிற்கிறது, மேலே துணி போர்த்தி. மெத்தைகள் சுவரோடு சுவராகத் தொங்குகின்றன. புத்தக அலமாரியில் அண்ணனுடைய மின்வாரியக் காகிதங்கள், அவை வேலைக்கு உதவுவது இப்போதுதானாம். பித்தளை அண்டாவை மட்டும் வேண்டாம் என்றாள், ஸ்பீக்கர் பாடினால் அதுவும் கூடப் பாடுகிறதாம். அது மதினியிடம் போய்விட்டது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஹால் கதவில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. இந்தச் சட்டம் யாருக்காக என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு எழுதுகிறேன்.

மூட்டையும் மெத்தையும் போன பிறகு என் அறையில் கட்டிலும் பீரோவும் நானும்தான் இருக்கிறோம். எடுக்க ஒன்றும் இல்லாததால் காலையிலிருந்து யாரும் வரவில்லை. அறை கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. கை தட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சிவப்புத் துணி ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். ஹாலிலிருந்து ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் நிற்கிறது, முதலிலிருந்து தொடங்குகிறது. பதினேழு தடவை எண்ணினேன். பதினெட்டாவதில் நன்றாக இருந்தது.

மத்தியானம் சுமார் மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். யார் என்று எனக்குப் புரியவில்லை. இந்த வீட்டில் அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. போய்த் திறந்தேன். அண்ணன் நின்றார், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல்.

"உள்ள வரலாமா உலகு?" என்று மெதுவாகக் கேட்டார். என்ன என்றேன். மொட்டைமாடியில் வெயில் தாங்கவில்லையாம். டிவிக்குக் கொட்டகையில் படம் சரியாக விழவில்லையாம். இந்த அறையில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அந்தச் சுவரோரமாக டிவியை வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை, நீ ஒன்றும் சொல்ல மாட்டாய்தானே என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.